வலிக்காத புண்தான் கவலை தருகிறது

கேள்வி: எனக்கு வயது 58. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, புகைப்பழக்கமும் இருக்கிறது. ஆறு வாரங்களுக்கு முன் புதுச் செருப்பு கடித்து, கால் பெருவிரல் ஓரத்தில் புண் வந்தது. தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவி, காற்றுப்படத் திறந்தே வைக்கிறேன். சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். வலி துளியும் இல்லை, ஆனால் ஆறவில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: வலி இல்லை என்று நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்ததே அந்த வரிதான். செருப்பு கடித்த புண் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால், நீண்டகாலச் சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கக்கூடும். வலி இருந்தால் நாம் நொண்டியாவது அந்த இடத்தைக் காப்பாற்றுவோம். அது இல்லாததால் ஒவ்வோர் அடியிலும் புண்ணை மிதித்தும் உரசியும் கொண்டிருக்கிறீர்கள். இரவில் ஒட்டியது பகலில் பிய்ந்துபோகிறது.

புண்ணை ஆற்றுவது உடல்தான், மருந்து அல்ல. காயம் பட்ட சில நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்கள் கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. அப்போது வரும் லேசான சிவப்பும் வீக்கமும் அந்த வேலையின் அடையாளமே. பிறகு புது ரத்தக்குழாய்கள் துளிர்த்து, கொலாஜன் என்னும் புரத இழைகள் பள்ளத்தை நிரப்ப, ஓரங்களிலிருந்து தோல் படர்கிறது. மூடிய பிறகும் தழும்பு உறுதிப்பட ஓராண்டுகூட ஆகும். அப்போதும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும்.

உங்கள் புண் இந்த ஓட்டத்தின் நடுவில் தேங்கி நிற்கிறது. சர்க்கரை அதிகமாக இருந்தால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். சிகரெட்டின் நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் போதாமல் கொலாஜன் உருவாகாது. தயவுசெய்து இன்றே சிகரெட்டை நிறுத்துங்கள்.

பெராக்சைடையும் நிறுத்திவிடுங்கள். அந்த நுரை கிருமிகளோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் கொல்கிறது. சுத்தமான குழாய்த் தண்ணீரோ சலைனோ போதும். காற்றுப்பட்டுக் காய்ந்தால்தான் புண் ஆறும் என்பது பலர் மனத்தில் ஊறிய எண்ணம். ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றிகளிடம் செய்த ஆய்வில், ஈரப்பதம் காத்து மூடிய காயங்களில் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. ஆனால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துக் காய்ந்திருந்தால் இந்த விதி பொருந்தாது. அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டைப் பாதியாக்கியது தவறு. கொலாஜன் புரதத்தால் ஆனது. அதைப் பின்ன வைட்டமின் சி வேண்டும், துத்தநாகமும் வேண்டும். சர்க்கரையை மாத்திரையாலோ இன்சுலினாலோ கட்டுப்படுத்துங்கள், பட்டினியால் அல்ல.

ஆன்டிபயாடிக் கிருமித்தொற்றுக்கான மருந்து. தொற்று இல்லாத புண்ணை அது ஆற்றாது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நான்கு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை நாங்கள் நாள்பட்ட புண் என்றே கருதுகிறோம். இந்த வாரமே சர்க்கரை நோய்ப் பாத சிகிச்சை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார். காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று அறிய, கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார். எலும்பு வரை தொற்று போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார். சிவப்பு பரவுதல், சீழ், துர்நாற்றம், விரல் கறுத்தல், காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். அதுவரை அந்தக் காலில் பாரம் குறையட்டும், வெறுங்காலோடு நடக்காதீர்கள். கடித்த அந்தச் செருப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் அழுத்துகிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.