பிரசவத்தில் நேர்ந்த தவறு: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகளுக்கு முதல் பிரசவம். இரவு முழுக்க வலியில் கிடந்தாள். குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று நர்ஸ் சொல்லியும் டாக்டர் விடிந்த பிறகுதான் வந்து ஆயுதம் போட்டு எடுத்தார். குழந்தை அழவில்லை. 12 நாள் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். இப்போது 15 மாதம் ஆகிறது, கழுத்து நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்கிறார்கள். 90 ஆயிரம் ரூபாய் கட்டினோம். கேட்டால், எங்கள் மேல் தவறில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு பாட்டி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் அம்மா. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் 2 ஆண்டுகள்தான். "பொறுத்துப் பாருங்கள், நடந்துவிடுவான்" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தே பல குடும்பங்கள் அந்தக் கெடுவைத் தவறவிடுகின்றன. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பிறந்த நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 9 மாதம்.

இந்த வாரமே உங்கள் மகள் பெயரில், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், பிரசவம் முன்னேறிய விதத்தை மணிக்கணக்கில் குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத் துடிப்பு பதிவான சிடிஜி தாள், பச்சிளங்குழந்தைப் பிரிவின் குறிப்புகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. அதே விதிப்படி அவர்கள் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும்.

சிடிஜி தாள் ஏடிஎம் ரசீது மாதிரி. நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். கைக்கு வந்ததும் நகல் எடுங்கள். துடிப்பு எத்தனை மணிக்கு இறங்கியது, டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்ற இடைவெளியில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது.

இதையும் சொல்லியாக வேண்டும்: மூளை முடக்குவாதம் எல்லாமே பிரசவத் தவறால் வருவதில்லை. கர்ப்ப காலத் தொற்று, மரபணுக் கோளாறு, குறைப்பிரசவம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆகவே ஆவணங்களையும் குழந்தையின் எம்ஆர்ஐ அறிக்கையையும் சம்பந்தப்படாத ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

உங்கள் மகள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு போடலாம். கட்டிய பில் 5 லட்சத்துக்குள் இருப்பதால், எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் மனுக் கட்டணம் கிடையாது. குழந்தையும் பெற்றோரும் இருதரப்புமே நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்திருக்கிறது. இருவர் பெயரிலும் கேளுங்கள்.

தொகையைக் குறைத்துக் கேட்காதீர்கள். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. தேசிய ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் வருங்காலச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கிட்டு அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. ஆனால் அது 2015இல். அந்தப் பெற்றோர் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. பிசியோதெரபி ரசீது முதல் ஆட்டோ செலவு வரை இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அது மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு தராது. போலீஸ் வழக்கு என்றால் கடும் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். அதில் உங்கள் பலத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. (எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது, உரிமையியல் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம்தான் வழி.)

கடிதம் போனதும் மருத்துவமனையிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து, "கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்கக்கூடும். வழக்கறிஞர் ஒருவர் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும் வரை உங்கள் மகளோ மருமகனோ பேனாவைத் தொட வேண்டாம்.