பழைய வண்டிப் பட்டறை: அம்பாசிடருக்கு ஹீட்டர் வைக்க முடியுமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1969 அம்பாசிடர் மார்க் 2 எங்களிடம் இருக்கிறது. அம்மாவை மாதம் இரண்டு தடவை கோவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, விடியற்காலை நாலரைக்கே கிளம்புகிறோம். டிசம்பர், ஜனவரியில் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. தம்பி ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் துணி என்று ஓட்டுகிறான். "அம்பாசிடருக்கு ஹீட்டரே கிடையாது, பேட்டரியில் இணைக்கிற எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் தெரிந்த மெக்கானிக். வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி, தலைக்குந்தா (ஊட்டி அருகே)

பதில்: உண்டு. நல்ல வழியே உண்டு. முதலில் அந்த எலக்ட்ரிக் ஹீட்டரை வாங்காதீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 150 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி 750 வாட் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கே 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது பழைய டைனமோ என்றால் நல்ல வேகத்தில் ஓடும்போதுகூட 22 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டபின் மிச்சம் என்ன இருக்கும்? கண்ணாடியும் தெளியாது, பேட்டரியும் இறங்கிவிடும்.

எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கலந்துவிடுகிறது. அதில் கொஞ்சத்தை வண்டிக்குள் திருப்புவதுதான் ஹீட்டர். ஒரு குட்டி ரேடியேட்டர், பின்னால் ஒரு ஃபேன். அவ்வளவுதான்.

உங்கள் வண்டியின் 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஓடியது. அந்த ஊர்க் குளிருக்கு ஹீட்டர் வைத்துக்கொள்ள எஞ்சினிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் பின்கோடியில் பக்கவாட்டைப் பாருங்கள். இரண்டு நட்டு போட்டு மூடிய சின்னத் தகடு ஒன்று இருக்கும். ஹீட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடுகிற குழாய், அதாவது ஹீட்டர் டேப், உட்காரவேண்டிய இடம் அது. ஐம்பது வருஷத்துத் துரு பிடித்திருக்கும் என்பதால் ஸ்பேனரை வைத்து ஒரே முறுக்காக முறுக்கவேண்டாம். இரண்டு நாள் துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவையுங்கள். நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் ஹீட்டரைவிட அதற்குத்தான் செலவு அதிகம்.

அங்கிருந்து சுடுதண்ணீர் அரை அங்குல ஹோஸில் ஹீட்டருக்குப் போகவேண்டும். திரும்பி வருவது ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் சேரவேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரை இழுக்கும் பக்கம் அதுதான். சிலர் இதை மேல் ஹோஸில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் சரியாகச் சுற்றாது, ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

ஹீட்டர் யூனிட்டுக்கு ஏசி வைத்த மாருதி 800-இல் கழற்றியதைத் தேடுங்கள். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பார்க்கலாம். வாங்குவதற்கு முன் தண்ணீர் விட்டு, வாயால் ஊதி, ஒழுக்கு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள இடத்தை அளந்து, அட்டையில் ஒரு பெட்டி செய்து எடுத்துப்போனால் அலைச்சல் மிச்சம். பைப் விட்டம் வேறாக இருந்தால் இடையில் இரண்டு அளவையும் இணைக்கிற ஒரு ரெடியூசர் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஹீட்டரை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, எஞ்சின் பிளாக்கைக் கழுவுவது. இத்தனை வருஷம் வெறும் தண்ணீர் ஊற்றிய வார்ப்பிரும்பு பிளாக்கின் அடியில் செம்மண் குழம்பு மாதிரி துரு தங்கியிருக்கும். கழுவாமல் இணைத்தால் அது நேராக ஹீட்டருக்குள் போய் அடைக்கும். கழுவியபின் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிற தலைக்குந்தாவுக்கு அது எப்படியும் வேண்டும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கிற வால்வு அது. உங்கள் வண்டியில் அது இருக்காது என்றே நினைக்கிறேன். கீழே சமவெளியில் எஞ்சின் சூடானால் மெக்கானிக்குகள் முதலில் பிடுங்கிப் போடுவது அதைத்தான். அது இல்லாமல் மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கும்போது எஞ்சின் ஆறியே கிடக்கும், ஹீட்டரில் குளிர்காற்றுதான் வரும். 82 டிகிரியில் திறக்கிற தெர்மோஸ்டாட் போடுங்கள். 88 வேண்டாம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி என்பதால் அதன் ஸ்பிரிங்கும் ரப்பரும் நன்றாக இருக்கவேண்டும்.

வயரிங்கில் ஒரு விஷயம். பேட்டரியின் எந்த முனை பாடியில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பிளஸ் முனை பாடியில் பிடித்தது, இருக்கும். அப்படியானால் ஃபேன் மோட்டாரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் தலைகீழாகச் சுற்றும். தனி ஃபியூஸ் கட்டாயம்.

தண்ணீர் நிரப்பும்போது காற்று மாட்டிக்கொள்ளும். வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருக்கும்படி வைத்து நிரப்புங்கள். உங்கள் ஊரில் மேட்டுக்கா பஞ்சம்!

1984-இல் குன்னூரில் ஓர் எஸ்டேட் அம்பாசிடருக்கு நானே ஹீட்டர் மாட்டினேன். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் (ஃபயர்வால்) ஹோஸுக்காகப் போட்ட துளைக்கு ரப்பர் வளையம் (குரோமெட்) வைக்காமல் விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் தகட்டின் விளிம்பு ஹோஸை அறுத்து, வெலிங்டன் தாண்டி ஏறும்போது முன்சீட்டில் இருந்த அந்த வீட்டு அம்மாவின் பாதத்தில் கொதிநீர் கொட்டியது. கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த வீட்டுக்குப் போய் அவர் காலைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் அம்மா உட்காரப்போகும் வண்டி என்பதால் கேட்டுக்கொள்கிறேன்: குரோமெட் வைத்திருக்கிறதா என்று நீங்களே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஹோஸ் புதிதாகவே இருக்கட்டும், கிளிப்பும் புதிது.

இன்னொன்று, ஹீட்டர் வந்ததும் எல்லோரும் ஜன்னலை ஏற்றிவிடுவார்கள். எஞ்சினில் புகைக்குழாய் சேருகிற இடத்து மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ சைலன்சர் பைப்பிலோ ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை மலையில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் தடித்த துணியை வைத்து ஒரு நொடி அழுத்தச் சொல்லுங்கள். முன்னால் 'சுஸ்' என்ற சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே ஓட்டை. அதை அடைத்தபின்தான் ஹீட்டர். அப்போதும் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கியே வையுங்கள்.

சூடான காற்றை முதலில் கண்ணாடிக்கு அனுப்புங்கள். டேஷ்போர்டு மேல் அதற்கான வழி இல்லையென்றால் கண்ணாடியின் அடிவரை இரண்டு நெளி பைப்பைக் கொண்டுபோய், வாயைத் தட்டையாகச் செய்து வைக்கலாம். மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் உங்கள் தொல்லை. கண்ணாடி கொஞ்சம் சூடானாலே படியாது. கால் சூடு அப்புறம்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் மலை ஏறும்போது எஞ்சின் சூடு குறையும் என்கிறார்களே, உண்மையா? என்னுடையது பத்மினி கார்.
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: உண்மைதான். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர் என்பதால் டேப்பைத் திறந்து ஃபேனை முழுசாக ஓடவிட்டால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் கொஞ்சம் இறங்கும். ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு தடவையும் அது தேவைப்படுகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அதைப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருக்கிறேன். அதற்கும் இதே மாதிரி ஹீட்டர் வைக்கலாமா?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: முடியாது. அந்த எஞ்சினில் தண்ணீரே கிடையாது. சைலன்சர் பைப்பைச் சுற்றிய தகட்டுக் கூட்டில் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புகிற அமைப்பு அது. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகை நேராக உங்கள் மூக்குக்கு வரும். வண்டியை மேலே தூக்கி, கூட்டைக் கழற்றி, பைப்பை முழுக்கச் சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று இல்லாமல் மொத்தையாகக் கேட்கிற இடத்தில் இரும்பு செத்துவிட்டது. அப்படி ஓர் இடம் இருந்தாலும், புதுசு மாட்டும்வரை ஹீட்டரைத் திறக்கவேண்டாம்.