இன்காவின் நெசவுப் பெண்கள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்னமெரிக்காவின் இன்கா பேரரசில் பொன்னைவிடத் துணிக்குத்தான் மதிப்பு என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதை நெய்த 'அக்யா' பெண்களைப் பற்றி ஒரே வரிதான். 'கன்னியாஸ்திரிகள் போல' என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். சின்ன வயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று படித்தேன். அது கௌரவமா, அடிமைத்தனமா?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

அந்த ஒப்புமை தவறுதான். இன்காக்களை வென்ற ஸ்பானியர்கள் தங்கள் ஊர்க் கன்னிமடங்களை மனதில் வைத்து எழுதியதை யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன். இன்கா தலைநகர் குஸ்கோவில் அக்யாக்கள் வாழ்ந்த வளாகத்தின் மேலேயே பிற்பாடு சாந்தா கத்தலீனா கன்னிமடத்தையும் கட்டிவிட்டார்கள்.

அக்யா என்றால் இன்காக்களின் கெச்சுவா மொழியில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவள்'. பத்து வயதை ஒட்டிய பெண்பிள்ளைகளை அரசு அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கினார்கள். மாமகூனா என்ற மூத்த பெண்கள் அவர்களுக்கு நூற்பும் நெசவும், மக்காச்சோளத்தில் சிச்சா என்ற பானம் காய்ச்சவும் கற்றுக்கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு சிலர் சூரியக் கோயில் பணிக்கு, சிலர் அரசன் கைகாட்டிய ஆளுக்கு மனைவியாக. சிலர் பலிக்கு.

1999இல் அர்ஜென்டினா-சிலி எல்லையில் யூயாயாக்கோ எரிமலை உச்சியில், 6,700 மீட்டருக்கும் மேலே, அப்படிப் பலியிடப்பட்ட ஒரு சிறுமியின் உடல் உறைந்த நிலையில் கிடைத்தது. வயது பதின்மூன்று இருக்கும். அவளும் ஓர் அக்யாவாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தலைமுடியைச் சோதித்ததில், சாவதற்குச் சுமார் ஓராண்டு முன்பு அவள் சாப்பாடு சட்டென்று மாறியது தெரிந்தது. கிழங்கு உண்டு வளர்ந்தவளுக்கு இறைச்சியும் மக்காச்சோளமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த முடி சின்னச் சின்னப் பின்னல்களாக இருக்கிறது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பின்னிவிட்டிருக்கிறார்கள். கௌரவம் என்றால் கௌரவம்தான். அவளை யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் அக்யாக்களைப் பற்றி மட்டுமே பேசினால் மற்ற பெண்கள் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். அக்யாக்கள் நெய்தது கும்பி என்ற உயர்ரகத் துணி. ஒரு சென்டிமீட்டருக்குள் 100 ஊடை (குறுக்கு) இழை வரை அடர்ந்த கும்பியும் உண்டு. அதில் தேர்ந்த ஆண் நெசவாளர்களும் இருந்தார்கள். படைவீரன் உடுத்தியதும் கிடங்குகளில் மலைபோலக் குவிந்ததும் பெரும்பாலும் அவாஸ்கா என்ற சாதாரணத் துணி. அரசு தன் மந்தைகளின் ரோமத்தைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும். அவர்கள் துணியாக்கித் திருப்பித் தர வேண்டும். வரிக்கணக்கு குடும்பத் தலைவன் பெயரில். நூற்றதும் தறியில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் மனைவி. நடக்கும்போதுகூடத் தக்ளி அவள் கையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்புறம், இன்காக்கள் துணியை வெட்டி உடை தைப்பதில்லை. வேண்டிய அளவிலேயே, நான்கு பக்கமும் கரையோடு நெய்துவிடுவார்கள். முடிவு நெருங்க நெருங்கப் பாவின் (நெடுக்கு இழைகளின்) இடைவெளி குறுகிக்கொண்டே வரும். கடைசி சில விரற்கடைக்கு ஊடை நூல் சுற்றிய குச்சியை நுழைக்க முடியாது. ஊசியால்தான் ஒவ்வோர் இழையாகக் கோத்து வாங்க வேண்டும். அருங்காட்சியகப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில துணிகளில் ஓரிடத்தில் மட்டும் நெசவு கொஞ்சம் நெளிந்து, நெருக்கம் மாறித் தெரியும். நெய்தவள் ஊசியைக் கையில் எடுத்த இடம் அது.

அன்புடன்