கடற்கரை மணலில் நாலு சக்கர இயக்க வண்டி புதைந்துவிட்டால் எப்படி வெளியே எடுப்பது? உங்களுக்கு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இரண்டு டன் வண்டி, மணலில் படுத்துவிட்ட அதன் வயிறு, மெல்ல ஏறி வரும் கடல், டிக்கியில் ஒரு மூட்டை டுரியான். எல்லாம் ஒரே மாலையில்.

இப்போதே எங்காவது மாட்டிக்கொண்டு கைப்பேசியில் இதைப் படிப்பவராக இருந்தால் கதை உங்களுக்கு வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டுங்கள். வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். வெளியே வந்த பிறகு மீதியைப் படித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் நாலு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பதே ஒரு வேடிக்கைதான். மலை என்றால் 163 மீட்டர் உயரப் புக்கித் தீமா. அதன் உச்சிக்கும் நடந்துதான் போக வேண்டும். மணல் என்றால் ஈஸ்ட் கோஸ்ட்; 1966-இல் தொடங்கிய நிலமீட்பில் உருவான கரை அது, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி வண்டியை இறக்க முடியாது. நான் வாங்கியது ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி, சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கக் காலவரம்போடு வாங்கும் உரிமைச் சான்று) முடிய மூன்று வருடம் பாக்கி இருந்தது. கியருக்குப் பக்கத்தில் 2எச் (இரண்டு சக்கர இயக்கம்), 4எச் (நாலு சக்கர இயக்கம்), 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு) என்று எழுதிய ஒரு குட்டி லீவர். அதைத் தொடாமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த வண்டி ஏறிய மிகப் பெரிய மேடு எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்தத்தில் ஐந்தாவது மாடி.

ஜூன் பள்ளி விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். மலேசியாவின் ஜோகூரில், கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அத்தை மகன் அங்கேயே பிறந்து அங்கேயே லோரி ஓட்டுகிறவர். மழை நாளில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் லோரியை நகர்த்துகிறவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது சேறு. அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தது மணல்.

பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். சிடிலிப் பக்கம், மீனவர்கள் படகு இறக்கும் ஓரிடத்தில் பாதை நேராக மணலுக்குள் போகிறது. தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. ஈரமான கரை, தார் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. "இறக்கு மச்சான், இதுக்குத்தானே இந்த வண்டி?" என்றார் அத்தை மகன். எனக்கும் ஆசை. லீவரை 4எச்சில் தள்ளிவிட்டு இருநூறு மீட்டர் ஓட்டினேன். சுகமாக இருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். மனைவி கைப்பேசியில் படம் எடுத்தார். அப்போது நிறுத்தித் திரும்பியிருக்கலாம்.

நான் நிழலுக்கு ஆசைப்பட்டேன். மேலே சவுக்கு மரங்கள் நின்றன. ஸ்டியரிங்கை ஒடித்து ஈரக் கரையிலிருந்து காய்ந்த மணலுக்கு ஏறினேன்.

ஈர மணலும் காய்ந்த மணலும் ஒரே பொருள்தான், ஆனால் சக்கரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு. துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. பிள்ளைகள் மணல் கோட்டை கட்ட ஈர மணலை அள்ளுவது அதனால்தான். காய்ந்த துகளுக்கு அந்தப் பிடி கிடையாது. மிதித்தால் பக்கவாட்டில் உருண்டு ஓடும். (அலை வந்து போகும் ஓரத்தில் தண்ணீர் மிதமிஞ்சி ஊறிய மணலும் இதே மாதிரி ஏமாற்றும். நடுவில் இருக்கும் அந்த ஈரப் பட்டைதான் நம்பத் தகுந்தது.) போதாக்குறைக்கு நான் திருப்பத்தில் ஏறினேன். திரும்பிய முன்சக்கரங்கள் மணலைத் தள்ளித் தள்ளித் தமக்கு முன்னே சின்ன மேடு கட்டிக்கொண்டன. வண்டி பெருமூச்சு விட்டதுபோல் நின்றது.

அந்த நொடியில் நிறுத்தியிருந்தால் இது சொல்லத் தகுந்த கதையே இல்லை. சக்கரம் நாலு விரல்தான் இறங்கியிருந்தது. ஆனால் பக்கத்து இருக்கையிலிருந்து, "மிதி மச்சான், மிதி! நிறுத்தினா போச்சு!" என்று ஒரு குரல். மிதித்தேன். பத்து விநாடி. பின்சக்கரங்கள் பாதி மறைந்துவிட்டன. அடிச்சட்டம் மணலில் உட்கார்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் கதவின் அடிப்பக்கம் மணலைச் சீவியது.

அவர் சொன்னது அவருடைய சேற்றுக்குச் சரி. சேற்றில் சக்கரம் வேகமாகச் சுற்றினால் டயர் பள்ளங்களில் அப்பிய சேறு தெறித்துப் போகும், அடியில் கெட்டித் தரை இருந்தால் பல் அதைப் பிடித்துக்கொள்ளும். மணலுக்கு அடியில் கெட்டித் தரை எங்கே இருக்கிறது? மணலுக்கு அடியில் மணல். சுற்றுகிற சக்கரம் அங்கே ஒரு தோண்டும் எந்திரம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்தை விடாமல் சீராகப் போவது மணலிலும் சரிதான். ஆனால் சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்று தெரிந்த பிறகு மிதிப்பது குழியை ஆழமாக்குகிற வேலை.

"என்னங்க, தண்ணி கிட்ட வருதா?" என்று மனைவி கேட்டார். வந்துகொண்டிருந்தது. கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்ற அட்டவணையை நான் பார்த்திருக்கவில்லை. நம் ஊரில் கடல் என்பது பெரும்பாலும் கல் கட்டிய கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்சி. பெருக்கு வந்தால் யார் கவனிக்கிறோம்? சிஓஇயில் பாக்கி இருக்கும் ஒரு வருடத்தைக் கடல் கொண்டுபோகிற படம் என் கண்ணுக்குள் ஓடியது.

அத்தை மகன் தோட்டத்து நண்பருக்கு அழைத்து பிக்கப் கொண்டுவரச் சொன்னார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்ப் பெரியவர் வந்து இறங்கினார். படகு ஒன்று அவருடையது. வண்டியைச் சுற்றி வந்தார், சக்கரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இரண்டே சொல் சொன்னார்: "புவாங் ஆங்கின்."

காற்றை வெளியேற்று. ஆனால் மலாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தமிழில் "காற்றுப் பிரிவது" என்று கௌரவமாகச் சொல்கிறோமே, அதுதான். என் எட்டு வயது மகன் பள்ளிக்கூடத்தில் கற்ற மலாயில் இது முதல் வரிசையில் இருந்திருக்க வேண்டும். மணலில் விழுந்து புரண்டு சிரித்தான். பெரியவரும் சிரித்தார். நான்தான் சிரிக்கும் நிலையில் இல்லை.

காற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? தோராயமாக ஒரு கணக்கு. இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும்போது தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. 16 பிஎஸ்ஐ ஆக்கினால் அது 440-ஐத் தாண்டும், அதே தாளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். டயர் அகலமாகும் என்றுதான் நினைத்திருந்தேன். அகலத்தைவிட நீளம்தான் கூடுகிறது. டயர் ஒரு பாய் மாதிரி நீளவாக்கில் படுத்துக்கொள்கிறது. எடை பரவுகிறது, மணல் அமுங்குவது குறைகிறது.

என்னிடம் பேனா மாதிரி ஒரு சின்ன அளவி இருந்தது. வால்வு நடுவே இருக்கும் ஊசியைச் சாவி முனையால் அழுத்தி 18-க்குக் கொண்டுவந்தேன். பெரியவர் அளவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டயரின் பக்கச் சுவரைப் பார்த்து, வயிறு தள்ளினது போதாது என்று தலையசைத்தார். 15 ஆக்கினோம்.

அப்புறம் தோண்டல். இதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, ஆனால் வேலையில் முக்கால்வாசி இதுதான். அவர் ஒரு மண்வெட்டி கொடுத்தார். இன்னொன்று இல்லாததால் நான் பிள்ளைகளின் பிளாஸ்டிக் மண்வாரியை எடுத்துக்கொண்டேன். சக்கரத்துக்குப் பின்னால் சரிவாகத் தோண்ட வேண்டும், செங்குத்தாக அல்ல. அதைவிட முக்கியம் வயிற்றுக்கு அடியில் இருக்கும் மணல். அடிச்சட்டம் மணலில் உட்கார்ந்திருக்கும்வரை எடையின் ஒரு பங்கை மணல் தாங்குகிறது, சக்கரத்துக்குப் பிடி கிடைக்காது. குப்புறப் படுத்துக் கையால் வாரினேன். டுரியான் மூட்டை இறங்கியது, பெட்டிகள் இறங்கின, ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். இறக்க முடியாதது பெட்ரோல் ஒன்றுதான். எல்லையைத் தாண்டும்போது டாங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்ற நம் விதிக்காக முழுதாக நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன். 80 லிட்டர் என்றால் 60 கிலோ, இன்னோர் ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரி.

பெரியவர் சவுக்குத் தோப்புக்கு அப்பால் கிடந்த தென்னை மட்டைகளை இழுத்துவந்து நாலு சக்கரத்துக்கும் பின்னால் செருகினார். இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் இருக்கின்றன, அவை இன்னும் நல்லவை. மட்டையோ பலகையோ, சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. முதல் முயற்சியில் ஒரு மட்டை பறந்துவந்து அத்தை மகனின் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. "மிதி" என்று சொன்ன வாய்க்குக் கிடைத்த கூலி என்று நான் வெளியே சொல்லவில்லை.

லீவரை 4எல்லில் போட்டேன். நிறைய வண்டிகளில் அதற்கு வண்டி நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சக்கரம் வழுக்கினால் எஞ்சினை அடக்கும் மின்னணு ஏற்பாடு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும், மணலில் அது தேவைப்படும் நேரத்தில் இழுவிசையைக் குறைத்துவிடும். முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். புதைந்த வண்டியில் ஸ்டியரிங்கை நம்ப முடியாது. பின்னால் எடுத்தேன். ஒரு மீட்டர் நகர்ந்து மறுபடி உட்கார்ந்தது. இந்தத் தடவை உடனே காலை எடுத்துவிட்டேன். மறுபடி தோண்டினோம், காற்றை 12-க்கு இறக்கினோம். இரண்டாம் முறை முட்டையின் மேல் கால் வைப்பதுபோல மிதித்தேன். வண்டி, வந்த தடத்திலேயே முனகிக்கொண்டு ஈரக் கரைக்கு இறங்கியது. அந்த ஈரக் கரையும் அப்போது பத்தடி அகலம்தான் மிச்சம்.

பாதை மேட்டில் ஏறி நிற்கும்போதுதான் பிக்கப் வந்தது. வந்தவர் கையில் நைலான் கயிறு. எங்கள் வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் குண்டில் கட்டி இழுப்பதாகத் திட்டமாம். அது நடக்காமல் போனது அன்றைய பெரிய அதிர்ஷ்டம் என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் குண்டு டிரெய்லரைச் சீராக இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. வெட்டி இழுக்கும்போது முறிந்தால் கயிற்றோடு பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுத்தே ஆக வேண்டும் என்றால் அடிச்சட்டத்தோடு பொருத்திய மீட்புக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், கயிற்றின் நடுவில் கனமான துணி போடுங்கள், மற்றவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் மேல் தள்ளி நிறுத்துங்கள்.

12 பிஎஸ்ஐயோடு தார் ரோட்டில் வேகம் எடுக்கக் கூடாது. டயர் சூடேறும், திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழலும். மிதிவண்டி வேகத்தில் ஊர்ந்து கம்பத்துப் பட்டறையில் காற்றடித்தோம். மறுநாள் ஜோகூர் பாருவில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை பீய்ச்சிக் கழுவச் சொன்னேன். உப்பு மெதுவாகத்தான் தின்னும், ஆனால் விடாமல் தின்னும். பிரேக்கில் புகுந்த மணல் ஒரு வாரம் கீச்சிட்டது.

ஆஸ்திரேலியா போய் வாடகை வண்டியில் மணலில் ஓட்டும் திட்டம் இருந்தால் ஒரு வார்த்தை. பிரிஸ்பேனுக்கு வடக்கே இருக்கும் ஃபிரேசர் தீவு (2023 முதல் அதிகாரப்பூர்வமாகக் காரி) உலகின் மிகப் பெரிய மணல் தீவு. அனுமதிச் சீட்டு வாங்கிய நாலு சக்கர இயக்க வண்டிகள்தான் அங்கே போகலாம். அங்கே கடற்கரையே நெடுஞ்சாலை மாதிரி. அதற்கு வேக வரம்பும் உண்டு. கடல் பெருகி உச்சம் தொடும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கரையில் ஓட்டாதீர்கள் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் விதி. வாடகை ஒப்பந்தத்தில் மணல், உப்புத் தண்ணீர் என்ற இரண்டு சொற்களையும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல ஒப்பந்தங்கள் இரண்டையும் தடுக்கின்றன.

பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு டுரியானை மட்டும் முகர்ந்து பார்த்துப் பொறுக்கி எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டார். அத்தை மகனோ, கடைசியில் வண்டி வெளியே வந்தது தான் முதலில் மிதிக்கச் சொன்னதால்தான் என்று தீபாவளிக்கு வந்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகன் பக்கத்தில் வந்து, "மாமா, புவாங் ஆங்கின்" என்றான்.