வாயில்லாத பற்றீரியா எப்படிப் பேசும்?

"வாயும் இல்லை, காதும் இல்லை, பிறகு பற்றீரியாக்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

பேச்சு என்பதைவிடத் தலை எண்ணுவது என்று சொல்வது பொருந்தும். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்புக் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தால், கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லையென்று கலைந்துவிடுவோம். பற்றீரியாக்கள் தலை எண்ணுவதற்கும் 1994இல் வைத்த பெயர் கோரம் சென்சிங் (கோரத்தை உணர்தல்) தான்.

ஒவ்வொரு பற்றீரியாவும் ஒரு சின்ன இரசாயன மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். தனியாக இருந்தால் அது தண்ணீரோடு போய்விடும். கூட்டம் பெருகினால் செறிவு ஏறும்; ஓர் அளவைத் தாண்டியதும் பற்றீரியாக்களில் அதைப் பிடிப்பதற்கென்றே உள்ள ஏற்பிப் புரதங்களில் ஒட்டி, சில மரபணுக்களை முடுக்கிவிடும்.

எனக்குப் பிடித்தது ஹவாய்க் கடலின் குட்டிக் கணவாய். நம் சந்தைக் கணவாய் இல்லை, இது கட்டைவிரல் அளவுதான். அதன் ஒளியுறுப்புக்குள் விப்ரியோ ஃபிஷெரி என்ற பற்றீரியா குடியிருக்கிறது. கடலில் தனித்து மிதக்கும்போது அது ஒளிர்வதில்லை, வீண் செலவுதானே! உள்ளே நெருக்கியடித்து நிறைந்த பிறகுதான் நீலப்பச்சை வெளிச்சம். அது மேலிருந்து வரும் நிலவொளியோடு கலந்துவிடுவதால், கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கணவாயின் நிழல் தெரியாது. விடிந்ததும் கணவாய் பற்றீரியாக்களில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அப்புறம் மிச்சமுள்ளவை பகல் முழுக்கப் பெருகும்.

எல்லாம் இப்படி அழகாக இருப்பதில்லை. நுரையீரலைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா தலை எண்ணிய பிறகே பல நச்சுகளை வெளிவிடுகிறது; வழுவழுப்பான படலம் கட்டவும் இதே சமிக்ஞை உதவுகிறது. படலத்துக்குள் அன்ரிபயோட்டிக் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் கிருமியைக் கொல்லாமல், அந்தச் சமிக்ஞையை மட்டும் மறிக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள்.