பேஸ்பால் மேனேஜர் கேமில் மூன்றாம் வருஷம் பட்ஜெட் ஏன் கவிழ்கிறது?

“அவுட் ஆஃப் த பார்க் கேமில் சின்ன டீம் எடுத்தேன், முதல் இரண்டு வருஷம் நன்றாகப் போனது, மூன்றாவது வருஷம் சம்பளத்துக்கே காசு பத்தவில்லை, முதலாளி பட்ஜெட்டைக் கூட்டித் தர மாட்டேன் என்கிறார், என்ன செய்வது” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் எதையும் நாமே மாற்றிக்கொள்ள விடும் கமிஷனர் மோடுக்குப் போய் காசை ஏற்றிக்கொள் என்று சொல்லியிருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். காசை நாமே ஏற்றிக்கொள்வதென்றால் அந்த கேமை எதற்கு விளையாட வேண்டும்?

தம்பி, உங்கள் டீமைப் பார்க்காமலே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் டீமை எடுப்பதற்கு முந்தின சீசனில் நல்ல பையன்கள் நாலைந்து பேர் கீழ்நிலையான மைனர் லீக்கிலிருந்து ஒன்றாக மேலே வந்திருப்பார்கள். முதல் மூன்று வருஷம் அவர்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் கொடுத்தால் போதும், அமெரிக்காவின் நிஜ மேஜர் லீக்கில் 2025இல் அது 760,000 டாலர். அந்த மலிவில் கையில் மிச்சமான காசைப் பார்த்து மயங்கி, முப்பத்திரண்டு வயது ஆள் ஒருவருக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். மூன்று வருஷ சர்வீஸ், அதாவது மேஜர் லீக்கில் இருந்த காலம், முடிந்ததும் பையன்கள் எல்லாரும் சேர்ந்தாற்போல, சம்பளத்தை நடுவர் தீர்மானிக்கும் ஆர்பிட்ரேஷனுக்கு வருவார்கள், அதிலிருந்து, மொத்தம் ஆறு வருஷ சர்வீஸ் முடிந்து எந்த டீமுக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜண்டாகும்வரை வருஷா வருஷம் சம்பளம் ஏறும். பெரியவருக்கு அந்த நேரம் பார்த்து கால் இழுக்க ஆரம்பித்திருக்கும். முதலாளி கருமி என்று கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை.

அதனால் இந்த வருஷ பட்ஜெட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதை விடுங்கள். ஒப்பந்தப் பக்கத்தில் வரப்போகிற வருஷங்களும் வரிசையாக இருக்கும், அதை ஒரு தாளில் ஐந்து வருஷத்துக்கு இறக்குங்கள். கேம் காட்டும் ஆர்பிட்ரேஷன் மதிப்பீட்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எங்கள் அப்பா தோட்டத்தில் செக்ரோல் என்ற கூலிக் கணக்கை எழுதிய கிராணி, எனக்குக் கட்டம் போட்டு எழுதுவது ரத்தத்தில் இருக்கிறது என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

இப்போது என் கதை. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பேஸ்பாலுக்கு ரசிகர் என்று சொன்னால் சிரிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் சோஃப்ட்பால் ஆடியதோடு சரி. ஆனாலும் ஆலையில் என்னோடு வேலை செய்யும் இருவர், என் மச்சான், ஈப்போவில் இருக்கும் அவருடைய நண்பர் என்று ஒரு சின்ன ஆன்லைன் லீக் நடத்துகிறோம். நான் எடுத்தது பிட்ஸ்பர்க், கேட் வசூலும் டிவி காசும் குறைவான டீம். அதில் எனக்கு ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேன் இருந்தார். கேம் உருவாக்கிய கற்பனை ஆள்தான், ஆனால் முப்பது ஹோம் ரன்னுக்குக் குறைந்து அடித்ததில்லை, ரசிகர்களுக்கும் அவர் மேல் உயிர். ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது, வயது முப்பத்தொன்று, கேட்பது ஏழு வருஷம். மச்சான் ஒட்டுக்கடையில் தே தாரே குடித்துக்கொண்டே, “போட்டுடுங்க மாமா, இவரை விட்டால் டீமே இல்லை” என்றார். நான் ஜூலைக் கடைசியில், ட்ரேட் கெடு முடிவதற்கு முன்பு அவரை அனுப்பிவிட்டேன். பதிலுக்கு வாங்கியது இருபத்தொரு வயது கேட்சர் ஒருவர், ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசும் இடது கை ரிலீவர் ஒருவர். அன்று வாட்ஸ்அப் குழுவில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

சீசன் முடிந்ததும் அதே ஆளை ஏழு வருஷத்துக்கு எடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மச்சானேதான். முதல் வருஷம் அவருக்குக் கொண்டாட்டம், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வருஷத்தில் அடி பாதியாகக் குறைந்தது, சம்பளம் மட்டும் ஒன்பது வருஷ கார் கடன் மாதிரி நின்று வாங்கிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு சம்பளத்துக்காக மச்சான் நல்ல பிட்சர்கள் இரண்டு பேரை விட வேண்டியதாயிற்று. டீமிலிருந்து ரிலீஸ் செய்தால் தப்பிக்கலாம் என்று பார்த்தார், ரிலீஸ் செய்தாலும் மிச்ச சம்பளம் உங்கள் கணக்கில்தான் நிற்கும். என் கேட்சர் இப்போது ஆல் ஸ்டார். மச்சான் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கேமில் மட்டும்தான் இப்படி என்று யாராவது சொல்ல வருவார்கள். பால்டிமோர் 2016இல் கிரிஸ் டேவிஸுக்கு ஏழு வருஷம், 161 மில்லியன் டாலர் கொடுத்தது. 2018இல் அவருடைய பேட்டிங் சராசரி .168, அந்த சீசன் முடிவிலிருந்து அடுத்த சீசனுக்குள் தொடர்ந்து 54 முறை பேட் பிடித்து ஒரு ஹிட் கூட இல்லை. காசு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பவர்களுக்கு 2002ஆம் வருஷ ஓக்லாந்து இருக்கிறது. ஏறக்குறைய 40 மில்லியன் சம்பளத்தில் 103 ஆட்டம் ஜெயித்தார்கள், அதே வருஷம் நியூயார்க் யாங்கீஸ் ஏறக்குறைய 125 மில்லியன் கொட்டி ஜெயித்ததும் அதே 103தான். ஓக்லாந்து கோப்பையைத் தூக்கவில்லை என்று உடனே கிளம்பாதீர்கள், யாங்கீஸும்தான் தூக்கவில்லை.

ஒரு தந்திரத்தை மட்டும் நான் செய்யச் சொல்ல மாட்டேன், எப்படியும் வேறு யாராவது சொல்வார்கள். சர்வீஸில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷம். பையன் தயாராக இருந்தாலும் சில வாரம் மைனர் லீக்கிலேயே உட்கார வைத்து, அந்தக் கணக்கு நிறையாமல் பார்த்துக்கொண்டால் அவன் ஃப்ரீ ஏஜண்டாவது தள்ளிப்போய் டீமுக்கு இன்னொரு வருஷம் மிச்சம். 2015இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையண்டைத் தாமதமாகக் கூப்பிட்டதில் அவருக்கு 171 நாள் வந்தது, ஒரே ஒரு நாள் குறைவு. அவர் முறையிட்டார், 2020இல் தோற்றுப்போனார்.

இது கேம்தானே, அதில் என்ன பெரிய நியாயம் என்று கேட்கலாம், சரி, கேம்தான். ஆனால் என் அக்கா டவுனில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தக் கிளார்க்காக இருந்தார், பெயர் வேண்டாம். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம், நடுவில் சில வாரம் வீட்டில் இரு, அப்புறம் திரும்பவும் பதினோரு மாதம். எல்லா வேலையும் அவர் தலையில், ஆனால் நிரந்தரம் என்று கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். புதிதாக வந்த அதிகாரிக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அக்காதான், கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதும் அதே ஆள். போன் செய்து சொல்லக்கூட மனசில்லை, கடிதம்தான் வந்தது. இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு பையனை மைனர் லீக்கிலேயே நிறுத்தும் அந்த பட்டனை அமுக்க விரல் போக மாட்டேன் என்கிறது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். பையன் ஆர்பிட்ரேஷனுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே நீண்ட ஒப்பந்தம் பேசுங்கள், அவனுக்கு உத்தரவாதம், உங்களுக்கு விலை குறைவு. கடைசி ஒரு வருஷத்தை டீம் விருப்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்றால் மட்டும் அந்த வருஷத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த வருஷம் காசு மிச்சமிருந்தால் ஒப்பந்தத்தின் முதல் வருஷத்திலேயே அதிகமாகக் கொடுத்து முடியுங்கள், வரம்புக்கு மேல் மிச்சமாவதை முதலாளி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஃப்ரீ ஏஜண்ட் சந்தையில் நவம்பரில் பாயாதீர்கள், பிப்ரவரி வரை விலை போகாமல் இருப்பவர்கள் விலை இறங்கி வருவார்கள். திறமையான பையன்களைத் தேடும் ஸ்கவுட்டிங் காசில் மட்டும் கை வைக்காதீர்கள், சின்ன டீமுக்குப் பையன்கள் வருகிற முக்கியமான வழி அதுதான்.

அப்புறம் உங்கள் க்ளோசர், முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து முடித்துக் கொடுக்கிற பிட்சர். ஆர்பிட்ரேஷனில் அவருக்கும் விலை ஏறும், ஆடுவதோ ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ். சம்பளம் முடிவாவதற்கு முன்பே யாருக்காவது கொடுத்துவிட்டு ஒரு இளம் பிட்சரைக் கேளுங்கள். வாங்க ஆளில்லை என்றால் மச்சானுடைய டீமிடம் அனுப்புங்கள், அவர் இன்னும் பெயர் பார்த்துத்தான் வாங்குகிறார்.