வாரம் இரண்டு நாள், ரோட்டா பார்த்து

குன்னூரிலிருந்து கேட்டிருந்தாய் தங்கச்சி: "அக்கா, விசா வந்துவிட்டது. ஜனவரியில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்கிறேன். போன முதல் வருஷமே எடை ஏறும், முதுகு போகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வெயிட் எடுத்துப் பயிற்சி செய்ய ஆசை. 12 மணி நேர ஷிஃப்டுக்கு நடுவில் அதற்கு எங்கே நேரம்?"

பயமுறுத்துகிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதே. பஸ் ஸ்டாண்டில் இறங்கி பெட்போர்டுக்கு ஏறுகிறாயே, அதை நீ ஒருநாளும் உடற்பயிற்சி என்று எண்ணியிருக்கமாட்டாய். அபர்டீனில் அந்த ஏற்றம் இல்லை. லிஃப்ட் இருக்கிறது, பஸ் இருக்கிறது, டிசம்பரில் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். லாங் டே, அதாவது அந்த 12 மணி நேரப் பகல் ஷிஃப்ட் அன்று, இருட்டில் உள்ளே போய் இருட்டில் வெளியே வருவாய். இங்கே கேட்காமலே உடம்புக்குக் கிடைத்த வேலையை அங்கே நீதான் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஆனால் நம் மலைக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: நமக்குத்தான் கால் பலம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று. மேடு ஏறுவது காலுக்கும் மூச்சுக்கும் அருமையான பயிற்சிதான். இழுக்கிற முதுகுக்கும் தள்ளுகிற தோளுக்கும் அதில் பெரிய வேலை இல்லை. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் கேட்டுப் பார்; சரிவு ஏறச் சலிக்கமாட்டார்கள், இடுப்பு வலிக்குத் தைலம் இல்லாத வீடு இருக்காது. அங்கே வார்டில் நோயாளியைக் கையால் தூக்க விடமாட்டார்கள், ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவி வைத்துத்தான் தூக்க வேண்டும். அப்படியிருந்தும் திருப்புவது, நகர்த்துவது, கட்டில் பக்கம் குனிந்தே நிற்பது எல்லாம் முதுகில்தான் வந்து சேரும்.

சரி, நேரம். திங்கள், புதன், வெள்ளி என்று போட்டு வைக்கிற அட்டவணை ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு ஆகாது. முதல் வாரமே புதன்கிழமை லாங் டே வரும், ஒன்று விட்டுப்போகும், அதோடு மனசும் விட்டுப்போகும். ரோட்டா, அதாவது ஷிஃப்ட் பட்டியல், கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு நாளைக் குறி. இரண்டுக்கும் இடையில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. மூன்றாவது நாள் கிடைத்தால் லாபம், அதைத் திட்டத்தில் சேர்க்காதே. நல்ல வாரத்தை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் பிப்ரவரியில் காணாமல் போகிறார்கள்.

லாங் டே முடித்த இரவில் ஜிம்முக்குப் போகாதே. நைட் முடித்த காலையில் கண்டிப்பாக வேண்டாம், தூங்கு. தொடர்ந்து நைட் வந்தால், முதல் நைட்டுக்குப் போகிற அன்று மதியம் நல்ல நேரம். லீவு நாளில் காலையிலேயே முடித்துவிடு. சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தால் அந்த இருட்டிலும் குளிரிலும் கதவைத் திறக்கவே தோன்றாது.

ஒவ்வொரு தடவையும் 40 நிமிஷம் போதும். உட்கார்ந்து எழுவது ஒன்று, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து பாரம் எடுப்பது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று: ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரஸ், ரோ. இந்த நான்கில் உடம்பு முழுவதும் அடங்கிவிடும். கடைசியில் இரண்டு கையிலும் டம்பெல் பிடித்துக் கொஞ்சம் நடந்தால் பிடிமானமும் வந்துவிடும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை செய்யலாம் போலிருக்கும்போதே நிறுத்து. எல்லாச் சுற்றிலும் பன்னிரண்டு சுலபமாக வந்தால் அடுத்த முறை சிறிது எடை கூட்டு. எடுத்த எடையை ஒரு நோட்டில் எழுதி வை. எழுதாதவர்கள் ஆறு மாசத்துக்குப் பிறகும் அதே டம்பெல்லையே தூக்கிக்கொண்டிருப்பார்கள். முதல் சில வாரங்களில் வலு ஏறுவது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால்தான். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, பயப்படாதே.

ஆள் குறைவு, எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் என்று மோசமான வாரமும் வரும். அந்த வாரம் ஒரே நாள் போ. சுற்றைக் குறைத்துக்கொள், எடையைக் குறைக்காதே. வந்த வலுவைக் காப்பாற்ற அவ்வளவே போதும்.

வெயிட் தூக்கினால் பொம்பளைப் பிள்ளைக்கு உடம்பு முரடாகிவிடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வாரம் இரண்டு நாளில் அப்படி ஆகிவிடும் என்றால் ஜிம்முக்குப் போகிற ஆண்கள் இத்தனை வருஷம் ஏன் படாத பாடு படுகிறார்கள்? ஊட்டிப் பக்கம் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் உருண்டைக் கல் பார்த்திருப்பாய், பையன்கள் தூக்கித் தோளுக்குக் கொண்டுவர வேண்டியது. நீ போகிற ஊர்க்காரர்களுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. அபர்டீனிலிருந்து டீ (Dee) நதியோரமாக மேற்கே போனால் போட்டார்க் என்ற இடத்தில் இரண்டு கற்கள், சேர்த்து 332 கிலோவுக்கு மேல். 1860-ல் டொனால்ட் டின்னி என்ற பலசாலி அவற்றைச் சுமந்து அங்குள்ள பாலத்தின் அகலத்தைக் கடந்தார் என்பது அந்த ஊரின் பெருமை. 1979-ல் ஜேன் டாட் என்ற பெண்ணும் அவற்றைத் தூக்கிவிட்டார். ஒரு லீவு நாளில் போய்ப் பார், தொட்டுப் பார்த்தால் போதும்.

சாப்பாட்டில் ஒன்றுதான் சொல்வேன், புரதம். சோறும் சாம்பாரும் மட்டும் என்றால் பயிற்சி பாதி வீண். எடை தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் இருக்கிறது என்கிறார்கள். 60 கிலோ என்றால் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், ஆகவே கணக்குப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஷிஃப்ட் டப்பாவில் கோழியோ பயறோ வை. டின் மத்தி, கெட்டித் தயிர் இரண்டும் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். குளிர்காலத்தில் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்வது அந்த நாட்டு அரசின் பொது அறிவுரை. நம் நிறத்துக்கு வருஷம் முழுக்கவே அதை யோசிக்கச் சொல்கிறார்கள்.

ஜிம்மை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பார். 24 மணி நேரமும் திறந்திருக்கிற, மாசாமாசம் கட்டுகிற ஜிம்கள் இருக்கின்றன. ஜனவரித் தள்ளுபடி என்று வருஷ ஒப்பந்தம் காட்டுவார்கள், கையெழுத்துப் போடாதே.

இங்கேயே ஆரம்பித்துவிடு. நான் லீவில் கோத்தகிரியில் இருந்துதான் எழுதுகிறேன். ரோட்டில் இறக்கிவிட்டுப் போன சிலிண்டரைப் படியில் இறக்கிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். நிரம்பிய சிலிண்டர் 30 கிலோவுக்குப் பக்கம் வரும், உனக்கு இப்போதைக்கு அது வேண்டாம். பத்துக் கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழு, தரையிலிருந்து முதுகை வளைக்காமல் எடுத்துப் பழகு. முதுகிலோ முட்டியிலோ ஏற்கெனவே வலி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடு, இங்கே சீக்கிரம் பார்த்துவிடலாம். பெட்டியில் தட்டையான அடி உள்ள ஷூ ஒன்று வை. அங்கே சேர்ந்து முதல் ரோட்டா வந்ததும் எனக்கு அனுப்பு, எந்த இரண்டு நாள் என்று சேர்ந்து குறிப்போம்.